மூன்று பதிவுகள், மூன்று வாசிப்புகள்: எங்கள் இசை கேட்கும் அறைக்காக ஒரு திறந்த மடல்

நிலையத்தின் நிர்வாக சபைத் தலைவருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இசை கேட்கும் அறையை இந்த மாதக் கடைசியோடு மூடி ரியூசன் வகுப்புக்கு வாடகைக்கு விடப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அங்கே இருக்கும் தட்டுகளிலும் சீடிகளிலும் “மேலதிகப் பிரதிகள்” என்று குறித்தவை உடைந்த கதிரை மேசைகளோடு ஏலத்துக்குப் போகுமாம். மிச்சத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மூலத்தை அகற்றிவிடுவீர்களாம். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன், பதில் இல்லை. நேரில் வந்து கேட்டேன், “போர்ட்டில போட்டாச்சு டீச்சர், இனி என்ன செய்யிற” என்றார்கள். அதனால்தான் ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். நிலையத்தின் பெயரை இதில் போடவில்லை. தீர்மானம் மாற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை, யாருடைய பெயரும் கெட வேண்டியதில்லை.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேச வேண்டும். “மேலதிகப் பிரதிகள்” என்ற தலைப்பின் கீழே பீத்தோவனின் ஓபஸ் 132 குவார்டெட் மூன்று தடவை வருகிறது. குவார்டெட் என்பது நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் இசை, வாசிக்கும் குழுவுக்கும் அதே பெயர்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாம் என்று சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று பூஷ் குவார்டெட் 1937இல் பதிந்தது. இன்னொன்று குவார்டெட்டோ இட்டாலியானோ 1960களில் பதிந்தது. மூன்றாவது தக்காஷ் குவார்டெட் 2000க்குப் பிறகு பதிந்தது. ஒரே படைப்பை மூன்று தலைமுறை மூன்று விதமாகப் புரிந்துகொண்டு வாசித்ததன் சாட்சி அது. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று சொல்ல, இது ஒரு புத்தகத்தின் இரண்டாம் பிரதியல்ல.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இருக்கிறபடியால் காருக்குறிச்சி அருணாசலத்தின் தோடி வேண்டாம் என்று இந்த ஊரில் எந்த நாதஸ்வர ரசிகரிடமாவது சொல்லிப் பாருங்கள். அருணாசலம் ராஜரத்தினத்தின் சீடர், அதே வழி, அதே இராகம். ஆனாலும் ஒருவரைக் கேட்டுவிட்டால் மற்றவரையும் கேட்டதாக ஆகாது. மேற்கத்திய இசையில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பதால் யார் வாசித்தாலும் ஒன்றுதான் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். எழுதி வைத்திருப்பது சுரமும் காலமும், எங்கே மெல்ல எங்கே உரக்க என்ற குறிப்பும்தான். வில்லை எவ்வளவு அழுத்துவது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குள் எப்படி நுழைவது, ஒரு வரி முடிந்ததும் எவ்வளவு நேரம் மூச்சுவிட்டு நிற்பது, இதெல்லாம் தாளில் இல்லை. வாசிக்கிறவர் கையில் இருக்கிறது. அந்தக் கை போன பிறகு பதிவில் மட்டுந்தான் இருக்கிறது.

அதே ஓபஸ் 132ஐயே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த அறையில் நாங்கள் அதிகம் தங்கியிருந்தது அதில்தான். 1825 வசந்த காலத்தில் பீத்தோவன் கடும் வயிற்று நோயில் விழுந்து எழும்பினார். காது அப்போது கேட்காது. அந்தக் குவார்டெட்டின் மூன்றாம் பகுதிக்கு, நோயிலிருந்து மீண்டவன் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிப் பாட்டு, லிடிய முறையில் என்று தன் கையாலேயே தலைப்பு எழுதினார். லிடிய முறை என்பது நம் மேசகல்யாணியின் அதே ஏழு சுரம், பிரதி மத்தியமம் உட்பட. என்னிடம் வயலின் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை, கேட்க மட்டும் விட்டேன். பகுதி பாதி போகுமுன் ஒரு பிள்ளை, “கல்யாணி மாதிரி வருது மிஸ், ஆனா கல்யாணி இல்ல” என்றாள். ஏன் இல்லை என்று கேட்டேன். “ஒரு சுரமும் அசையுதில்லயே” என்றாள். பக்கத்திலிருந்த பையன், “ஷட்ஜத்தில போய் இரிக்க மாட்டேங்குது, வேற எங்கயோ போய் இரிக்கப் பாக்குது” என்றான்.

இரண்டும் முழுமையான விமர்சனம். சுரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல் கல்யாணி எழும்பாது என்பது அந்தப் பிள்ளையின் விரலுக்குத் தெரியும். பையன் சொன்னதும் சரி. எஃப் என்ற சுரத்தை ஆதாரமாக வைத்த அந்தப் பாட்டு, சீ என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சீ மேஜர் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும், அந்தத் தவிப்பில்தான் அது உயிரோடு நிற்கிறது. ஒரு பாடப்புத்தகமும் இல்லாமல், பரீட்சைக் கேள்வியும் இல்லாமல், பிள்ளைகள் காதால் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மற்ற இரண்டு பதிவுகளையும் போட்டோம். இந்த ஒரு பகுதியை வாசிக்கச் சில குழுக்கள் 15 நிமிடம் எடுக்கும், சில 20 நிமிடத்தைத் தொடும். சுரம் ஒன்றுதான். பூஷ் குழு மிக மெதுவாகப் போகிறது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கம் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் நிறுத்தித் தட்டைத் திருப்ப வேண்டிய காலத்தில் இவ்வளவு ஆறுதலாக வாசிக்கத் துணிந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். அந்தப் பதிவில் இரைச்சல் உண்டு. இரைச்சலுக்கு அடியில், முதல் வயலினை வாசிக்கும் அடோல்ஃப் பூஷின் விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது கேட்கும். கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகள் “ஜாரு!” என்று கத்திவிட்டார்கள்.

அந்த வழுக்கல் அப்போது ஐரோப்பிய வயலினில் சாதாரணம். பிற்காலத்தில் அதைச் சுத்தக்குறைவென்று ஒதுக்கினார்கள். தக்காஷ் பதிவில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கர்நாடக வயலின் படிக்கும் மட்டக்களப்புப் பிள்ளை ஒன்றுக்கு, மேற்கத்திய வயலின் ஒரு காலத்தில் தன் கைக்கு இவ்வளவு கிட்ட இருந்திருக்கிறது என்று தெரிவது சின்ன விசயம் இல்லை. சுரத்தாளைப் பார்த்து அதை அறிய முடியாது. 1937ஆம் ஆண்டின் வாசிப்பையும் நம் காலத்து வாசிப்பையும் ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கரில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டதால் வந்த அறிவு அது. பூஷ் பதிவைத்தான் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். பழையது, சத்தம் தெளிவில்லை என்று காரணமும் எழுதியிருக்கிறது.

அதே காரணம் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் குவார்டெட்டுக்கும் எழுதப்பட்டிருக்கிறது. 1941 ஜனவரி 15ஆம் தேதி, கேர்லிட்ஸ் நகரின் ஜெர்மன் போர்க்கைதிகள் முகாமில், கைதிகள் நாலு பேர் கைதிகளுக்கும் காவலர்களுக்கும் முன்னால் முதன்முதல் வாசித்த இசை அது. கிளாரினெட், வயலின், செலோ, பியானோ. முகாமில் கிடைத்த ஆட்களும் வாத்தியங்களும் அவைதான். 1956ஆம் ஆண்டுப் பதிவில் மெசியான் தானே பியானோவில் இருக்கிறார், முகாமில் செலோ வாசித்த எத்தியன் பஸ்கியேயே இதிலும் செலோ வாசிக்கிறார். முகாமில் இருந்த கைகள் இரண்டு சோடி அந்தத் தட்டில் இருக்கின்றன. 1970களின் பதிவொன்று தெளிவாகக் கேட்கிறதென்று இதைக் கழிவில் போட எப்படி மனம் வந்தது?

அடுத்தது பென் டிரைவ். மாதிரிக்கென்று ஏற்றித் தந்ததை வீட்டில் கேட்டேன். எல்லாக் கோப்புக்கும் பெயர் ட்ராக் 01, ட்ராக் 02. எழுதியவர் பெயர் இல்லை, வாசித்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. இரண்டு சீடியின் ட்ராக் 03 ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டு ஒன்று காணாமலே போய்விட்டது. 128 கிலோபிட்டில் சுருக்கியிருக்கிறது, சீடியில் இருப்பதன் பதினொன்றில் ஒரு பங்கு. இவற்றையெல்லாம் திருத்தலாம். ஆனால் சோவியத் இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சின் எட்டாம் குவார்டெட்டுக்கு நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960 ஜூலையில், ட்ரெஸ்டன் நகருக்குக் கிட்ட ஓர் ஊரில் தங்கியிருந்து மூன்றே நாளில் அவர் எழுதியது. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கென்று சமர்ப்பித்தார். தன் பெயரின் எழுத்துகளை நாலு சுரமாக்கி முழுவதும் ஓட விட்டார். ஐந்து பகுதி, இடைநிறுத்தம் இல்லை. மூன்றாம் பகுதியின் முடிவில் முதல் வயலின் ஒற்றைச் சுரமொன்றைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அந்தச் சுரம் அறாமல் நாலாம் பகுதிக்குள் போகும். அதன்மேல்தான் மூன்று அடி விழும். மூன்று மூன்றாக, திரும்பத் திரும்ப.

எங்கள் கூட்டத்துக்கு வரும் அம்மா ஒருவர், அந்த மூன்று அடி முதல்தடவை விழுந்ததும் எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டார். மறுகா வந்து இருந்து, “கதவத் தட்டுற சத்தம் இது. இந்த மனிசனுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். தொண்ணூறாம் ஆண்டை இந்த மாவட்டத்தில் கடந்து வந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. அவருக்கு ஷொஸ்டகோவிச் யாரென்று தெரியாது, நானும் முன்னால் எதுவும் சொல்லவில்லை. அந்த அடிகளை இரகசியப் பொலிசின் கதவுத் தட்டலாகக் கேட்டவர்கள் உலகமெங்கும் உண்டு, குண்டாகக் கேட்டவர்களும் உண்டு. அவர் தன் வீட்டு வாசல் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த கிழமை அதையே போடச் சொன்னார். பொரொடின் குவார்டெட் 1962இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிந்ததையும், குரோனோஸ் குவார்டெட் 1990இல் வெளியிட்டதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். குரோனோஸ் பதிவில் மைக் வாத்தியத்துக்கு மிகக் கிட்ட இருப்பதுபோல் என் காதுக்குப் படும், வில் தந்தியைக் கடிப்பது கேட்கும். பொரொடினில் வாத்தியத்தைச் சுற்றி வெளி இருக்கும். இதையெல்லாம் நான் சொல்ல வாயெடுக்குமுன் அந்த அம்மா சொன்னார்: “முதல் ஆக்கள் தட்டுறது வெளியில நிண்டு. இவங்க தட்டுறது உள்ளுக்க வந்து.” இந்த இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு நான் படித்த எதிலும் இவ்வளவு கூர்மையான வரி இல்லை.

உங்கள் பென் டிரைவில் மூன்றாம் பகுதிக்கும் நாலாம் பகுதிக்கும் நடுவே இரண்டு செக்கன் மௌனம் விழுந்திருக்கிறது. சுரம் அறுகிறது, வெறுமை வருகிறது, பிறகு அடி விழுகிறது. பிடித்துக்கொண்டிருந்த மூச்சுக்குள் விழ வேண்டிய அடி அது. அந்த அம்மா அந்தப் பென் டிரைவில் முதல்தடவை கேட்டிருந்தால் எழும்பிப் போயிருக்க மாட்டார், அப்படிக் கேட்கவும் மாட்டார்.

யூரியூப்பில் எல்லாம் இருக்கிறது என்ற பேச்சுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். இருக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் கேட்பது கைத்தொலைபேசியில். செலோவின் அடித்தந்தி 65 ஹேர்ட்ஸில் அதிர்வது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வராது. மேலே நிற்கும் துணைச்சுரங்களை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும், நெஞ்சில் வந்து தட்டாது. நாலு பேர் வாசிப்பதில் மூன்றரைப் பேரைத்தான் கேட்கிறார்கள். நன்றிப் பாட்டின் நடுவில் சவர்க்கார விளம்பரம் வேறு. கூடவே சீடியோடு வரும் கையேட்டையும் நினையுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு பதிந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. நீங்கள் ஏற்றித் தந்த மாதிரிச் சீடிகளின் கையேடுகள் பழைய கடதாசிக் கட்டில் கிடந்தன. அவற்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

வருகிறவர்கள் குறைவு என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் வருவோம், மழைக்காலத்தில் அதிலும் குறைவு. இந்த இசை பிறந்ததே அவ்வளவு பேருக்குத்தான். பீத்தோவனின் ஆசிரியர் ஹைடனின் காலத்தில் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் வட்டமாக இருந்து வாசிக்க, சுற்றிச் சிலர் இருந்து கேட்டார்கள். ஆயிரம் கதிரை போட்டால் அது கெட்டுப்போகும். வருகிறவர்கள் யாரென்றும் பாருங்கள். படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து கூத்துப் பழக்கி நடத்தும் ஓர் அண்ணாவியார் வருகிறார். ஹைடனின் ஓபஸ் 76இல் ஒன்றைக் கேட்டுவிட்டு, “இதுல அண்ணாவி ஆரு?” என்றார். நடத்துகிறவர் என்று தனியாக ஒருவர் இல்லை என்றேன். திரும்பப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். “நாலு பேரும் மாறி மாறி அண்ணாவியா இரிக்காங்க. ஒருத்தர் வரவு படிக்கக்குள்ள மத்த மூணு பேரும் பிற்பாட்டுக்குப் போயிர்றாங்க” என்றார். பிறகு வயலினுக்கும் செலோவுக்கும் நடுவில் நிற்கும் வியோலாவை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டார். அது ஒரு இடத்திலும் முன்னால் வராமல் முழுப் பாட்டையும் தாங்கிப் பிடிக்கிறதென்று சொன்னார். வியோலாவை அப்படிப் பிரித்துக் கேட்க எனக்கு எத்தனையோ வருசம் பிடித்தது. அன்று முதல் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு குவார்டெட்டையும் ஒருமுறை வியோலாவுக்கென்றே கேட்கிறார்கள்.

இது நம்முடைய இசை இல்லை என்பது உங்கள் மூன்றாவது காரணம். இதை எழுதியவர் மட்டக்களப்பில் இருந்துகொண்டு எழுதியதுதான் என் மனதை மிகவும் நோகச் செய்தது. சின்ன உப்போடையிலும் டச்பாரிலும் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலின் வாசித்த ஊர் இது. காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் துயிலும் விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர். பழந்தமிழ்ப் பண்களின் சுர இடைவெளிகளை விகிதமாகக் கணக்கிட்டு ஆராய்ந்த யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. காதையும் கணக்கையும் சேர்த்து வைத்துத்தான் அவர் தமிழிசையைத் தேடினார். லிடிய முறைக்குப் பக்கத்தில் கல்யாணியை வைத்துக் கேட்கும் பிள்ளை அவருக்கு அந்நியமாகப் பட்டிருக்குமா?

அலுமாரியை ஒருமுறை முழுக்கத் திறந்து பார்த்திருந்தாலும் இந்தக் காரணத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். லால்குடி ஜெயராமன் 1966இல் தொடங்கிய வயலின், வேணு, வீணைக் கச்சேரியின் பதிவு அலுமாரியின் அதே அடுக்கில்தான் இருக்கிறது. ரமணியின் குழலும் வெங்கட்ராமனின் வீணையும் வயலினோடு சேர்ந்து ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிப்பதை அண்ணாவியார் கேட்டால் அதே வார்த்தையைத்தான் சொல்வார். 1993இல் வி. எஸ். நரசிம்மன் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டின் சீடியும் இருக்கிறது, கீர்த்தனைகளை இரண்டு வயலின், வியோலா, செலோவில் வாசிப்பார்கள். என் கருத்தில், கமகத்தைத் தொடாமல் சுற்றியிருக்கும் சுரங்களை மட்டும் விரிக்கும் இடங்களில் அது அழகாக இருக்கிறது. நாலு பேரும் ஒன்றாக நெருங்கும் இடங்களில் இராகம் மூச்சுவிடத் திணறுகிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. அதே நரசிம்மன் வயலின் வாசித்த இளையராஜாவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பு கசற்றாக இருக்கிறது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பிக்கப்பட்டது அது. என் வயதில் உள்ள பலர் இந்த இசைக்குள் நுழைந்த வாசல் அந்தக் கசற்றுத்தான். இவை எல்லாம் “மேலைத்தேய இசை” என்று ஒரே வரியில் பதியப்பட்டிருக்கின்றன.

பழைய இசை மட்டும் கேட்கிறோம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988இல் எழுதிய ரயில்கள் பற்றிய படைப்பொன்று இருக்கிறது. ஒலிநாடாவில் பதிந்த மனிதக் குரல்கள் பேசும், அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை வியோலாவும் செலோவும் அப்படியே பிடித்து வாசிக்கும். அமெரிக்காவில் குழந்தையாக ரயிலில் போன தன் நினைவையும், அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் யூதர்களை ஏற்றிப்போன ரயில்களையும் ரைக் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அதைக் கேட்ட ஒரு பையன், மட்டக்களப்பு ஸ்டேசனில் மீனகயா புறப்படுமுன் வரும் அறிவிப்பைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டு வந்து வயலினில் வாசித்துக் காட்டினான். சிங்கள அறிவிப்பு எங்கே ஏறி முடிகிறது, தமிழ் எங்கே இறங்கி முடிகிறது என்று சுரம் எழுதியே கொண்டுவந்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பதிவு அவனுடைய காதைத் திறந்துவிட்டது. கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு மண்டபம் இருக்கிறது, இலங்கை சிம்பொனி வாத்தியக் குழு 1958இலிருந்து அங்கே வாசிக்கிறது. இங்கே இருக்கும் பிள்ளை இரவு ரயில் ஏறி விடிய விடியப் போக வேண்டும். எங்கள் கச்சேரி மண்டபம் அந்த அறைதான்.

நேற்று மாலை விறாந்தையில் கண்டதையும் எழுதிவிடுகிறேன். எல்பி தட்டுகளைப் படுக்கையாக அடுக்கிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேற்குச் சுவரோரம் வைத்திருக்கிறார்கள். பின்னேர வெயில் நேரே அதன்மேல் விழுகிறது. வாவிப் பக்கத்து உப்புக் காற்று வேறு. மேல்தட்டை உறையிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஓரம் அலையடித்திருக்கிறது. ஊசி இனி அதில் ஒழுங்காக ஓடாது. ஏலத் திகதி வருமுன்பே அழிவு தொடங்கிவிட்டது. இந்தத் தட்டுகளில் கணிசமானவை அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு குடும்பம், ஊர்ப்பிள்ளைகள் கேட்கட்டும் என்று விட்டுப்போனவை. அவர்களைக் கேட்டீர்களா?

நிலையத்துக்குக் காசு தேவை என்பது எனக்குத் தெரியும். மின்கட்டணம் ஏறியதும், கூரை ஒழுகுவதும் உண்மை. ரியூசனுக்கு இடம் கொடுப்பதையும் நான் எதிர்க்கவில்லை, என் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கப் போகிறார்கள். ஆனால் மேல்மாடி மண்டபம் கிழமை நாட்களில் பின்னேரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. தடித்த சுவரும், தெருவுக்கு உள்ளே தள்ளிய இடமுமாக, இந்தக் கட்டடத்தில் மெல்லிய சத்தத்தைக் கேட்கக்கூடிய ஒரே அறையை ஏன் அதற்குத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு யாரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை.

நான் கேட்பவை இவை. இன்றைக்கே அந்தக் கட்டுகளை அவிழ்த்து, தட்டுகளை நிமிர்த்தி வைத்து, வெயில் படாத அறைக்குள் கொண்டுபோங்கள். இதற்குச் சபைக் கூட்டம் தேவையில்லை. காவலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூக்க நாங்கள் வருகிறோம்.

ஏலப் பட்டியலிலிருந்து இசைப் பதிவுகள் முழுவதையும் நீக்குங்கள். எது மேலதிகம் என்று முடிவெடுப்பதானால், இசை தெரிந்த இருவரையாவது சேர்த்துக்கொண்டு, வாசித்தவர் பெயரும் பதிந்த ஆண்டும் பார்த்து முடிவெடுங்கள். அப்படி ஒரு பட்டியலைச் சம்பளம் இல்லாமல் செய்து தர நானும் என்னோடு வருகிறவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். விட்டுப்போன குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் வராமல் அவர்களுடைய எந்தத் தட்டும் வெளியே போகக் கூடாது.

ரியூசனை மேல்மாடிக்கு மாற்றி, இந்த அறையைச் சனிக்கிழமை பின்னேரங்களில் இசைக்கென்று விடுங்கள். மற்ற நாட்களில் கூட்டமோ வகுப்போ நடத்துவதென்றால் நடத்துங்கள். அலுமாரியும் ஸ்பீக்கரும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், சாவி ஒன்று எங்களிடம் இருக்கட்டும்.

டிஜிட்டலில் ஏற்றுவது நல்ல வேலை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் சுருக்காமல், பகுதிகளுக்கிடையே வெட்டு விழாமல், பெயரும் ஆண்டும் எழுதி, கையேட்டையும் படமெடுத்துச் செய்ய வேண்டும். ஏற்றியது சரியா என்று கேட்டுப் பார்க்கும் வரையில் மூலத்தை அகற்றக் கூடாது. கேட்டுப் பார்த்த பிறகும் அகற்றக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

அடுத்த சபைக் கூட்டத்தில் எங்களுக்கு அரை மணித்தியாலம் தாருங்கள். பேச்சுக்கு ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் அந்த நாலாம் பகுதியைச் சீடியிலும், உங்கள் பென் டிரைவிலும் போட்டுக் காட்டுகிறேன். அண்ணாவியாரும் அந்த அம்மாவும் பிள்ளைகளும் வருவார்கள். கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அதுவரை தீர்மானத்தை நிறுத்தி வைத்திருப்பதாக ஏலத் திகதிக்கு முன்னால் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் கேட்போரின் சார்பில்,
ஒரு வயலின் ஆசிரியை,
மட்டக்களப்பு.